நாற்பது ஆண்டுகளில் ஐந்து முறை கை மாறிய சிட்லபாக்கம் வீடு: வாங்கலாமா?

வாடகைக் குடித்தனக்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நங்கநல்லூரில் பதினொரு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். அப்பாவால் இனி மாடிப்படி ஏற இயலாது என்றான பிறகு, தனி வீடு ஒன்றைத் தேடத் தொடங்கினோம். சிட்லபாக்கத்தில், ஏரியிலிருந்து நான்கு தெரு தள்ளி, ஒரு கிரவுண்டு மனையில் 1986இல் கட்டிய தரைத்தள வீடு ஒன்று விலைக்கு வந்துள்ளது. கிழக்குப் பார்த்த வாசல், கொல்லையில் உறைகிணறு, இரண்டு தென்னை, ஒரு மாமரம். அப்பாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. எனக்கும் மனம் சாயத் தொடங்கிய வேளையில்தான் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.

பதிவுகள் இவை. 1983இல் மனைப்பிரிவு போட்டவரின் அதிகார முகவரிடமிருந்து ஒருவர் மனையைக் கிரயம் வாங்கியிருக்கிறார். 1987இல் அவர் ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்துக்கு அதை அடமானம் வைத்திருக்கிறார். 1999இல் மகனுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். மகன் 2008இல் விற்றுவிட்டார். வாங்கியவர் 2016 மே மாதம் 76 லட்சத்துக்கு இன்னொருவரிடம் விற்றார். அந்த இன்னொருவரோ இருபத்தொரு மாதங்களுக்குள், 2018 பிப்ரவரியில், 52 லட்சத்துக்கு இப்போதைய உரிமையாளருக்கு விற்றிருக்கிறார். இன்று கேட்கும் விலை ஒரு கோடியே எண்பது லட்சம்.

76 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை இரண்டு ஆண்டு முடிவதற்குள் 24 லட்சம் நட்டத்தில் ஒருவர் ஏன் விற்க வேண்டும்? இத்தனை பேர் வாங்குவதும் விற்பதுமாக இருந்த வீட்டில் நமக்குத் தெரியாத குறை ஏதேனும் இருக்குமோ? என் மனைவியின் அத்தை ஒரு படி மேலே சென்று, வாஸ்து பார்ப்பவரை அழைத்து வரச் சொல்கிறார். அதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்திருக்கிறேன்.

பழைய பத்திரக்காரர் மறுமொழி:

பதிவுத்துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். தங்களை அச்சுறுத்தும் அந்த 76, 52 என்ற இரண்டு தொகைகளில்தான் அச்சப்பட எதுவும் இல்லை. அச்சப்பட வேண்டிய பதிவு வேறொன்று இருக்கிறது. தாங்கள் அதை ஒரே வரியில் கடந்து சென்றுவிட்டீர்கள்.

முதலில் விலை. நம் ஊர்ப் பத்திரங்களில் எழுதப்படும் கிரயத் தொகை பெரும்பாலும் அரசு தெருவாரியாக நிர்ணயிக்கும் அன்றைய வழிகாட்டி மதிப்பே தவிர, கை மாறிய பணம் அன்று. 2012 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட வழிகாட்டி மதிப்பை 2017 ஜூன் மாதம் அரசு 33 சதவீதம் குறைத்தது. அதே மூச்சில் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. அந்தத் தெருவின் மதிப்பு 2016இல் சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,400 சதுர அடி மனைக்கு 72 லட்சம், பழைய கட்டடத்துக்கு ஏறத்தாழ 4 லட்சம், ஆக 76 லட்சம். குறைப்புக்குப் பிறகு அதே மனையின் மதிப்பு 48 லட்சத்துச் சொச்சம். கட்டடத்தையும் சேர்த்தால் 52 லட்சம். தாங்கள் தந்த தொகைகள் இந்தக் கணக்கில் அப்படியே பொருந்துகின்றன. முன்னவர் 8 சதவீதமாக 6 லட்சத்து 8 ஆயிரமும், பின்னவர் 11 சதவீதமாக 5 லட்சத்து 72 ஆயிரமும் செலுத்தியிருப்பார்கள். அரசுக்குப் பெரிய இழப்பும் இல்லை, விற்றவருக்கு நட்டம் வந்ததற்குச் சான்றும் இல்லை. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்து, முத்திரைத் தீர்வையோடு சேர்த்து இப்போது 9 சதவீதம்.

ஆனால் அந்த 52 லட்சம் இப்போது விற்பவரின் காலைச் சுற்றும். அவர் முழு விலையையும் பத்திரத்தில் எழுதினால், ஒரு கோடியே 28 லட்சம் ஆதாயமாகக் கணக்காகி, 12.5 சதவீத வீதத்தில் பார்த்தால்கூட 16 லட்சம் ரூபாய் வரி வரும். அதனால் ஒரு பகுதியை ரொக்கமாகத் தரும்படி தங்களிடம் கேட்கக்கூடும். உடன்படாதீர்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அது மட்டுமன்றி, நாளை தாங்கள் விற்கும்போது இதே சுருக்கு தங்கள் காலில் விழும். முழு விலைக்கும் பதிவு செய்தால் 16 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதையும், 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீதத்தைத் தாங்களே பிடித்தம் செய்து வருமான வரித்துறைக்குச் செலுத்த வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் சொன்ன அந்தப் பதிவு. 1987இல் கூட்டுறவுச் சங்கத்துக்கு வைத்த அடமானம் தெரிகிறது. அது தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு எங்கே? தாங்கள் கொடுத்த பட்டியலில் அது இல்லை. மாதத் தவணை முழுவதையும் கட்டி முடித்துவிட்டு, சங்கம் தரும் ரசீதைப் பதிவு செய்யாமல் பீரோவில் வைத்துவிட்டுக் காலமானவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். கடன் தீர்ந்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 2008, 2016, 2018 ஆகிய மூன்று கிரயங்களிலும் வாங்கியவர்கள் அப்படியே நினைத்துக்கொண்டு போயிருக்கவும் கூடும். வங்கிக்கடன் கேட்டு நீங்கள் போனால், வங்கியின் வழக்கறிஞர் முதலில் விரல் வைக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

தேடும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்றைய பட்டாவில் உள்ள உட்பிரிவு எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால், உட்பிரிவு ஆவதற்கு முன் பழைய சர்வே எண்ணில் பதிவானவை சில வேளை வராது. பழைய எண், மனை எண், கதவு எண் ஆகிய மூன்றையும் கொடுத்துத் தனித்தனியே தேடுங்கள். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேடவேண்டும். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்குக் கையெழுத்து அட்டவணையைப் பார்த்துச் சான்று தரும்படி மனுக் கொடுக்கலாம்.

1999 செட்டில்மென்டைப் பொறுத்தவரை, அது தந்தை தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து என்பதால் மகளுக்குப் பங்கு போகவில்லையே என்ற கேள்வி எழாது. எழுதிக் கொடுத்தவரோ அவர் மனைவியோ ஆயுட்கால அனுபவ உரிமையை நிறுத்திக்கொண்டிருந்தால், 2008க்குள் அது முடிந்துவிட்டதா என்பதை மட்டும் ஆவண நகல் வாங்கிப் படித்து உறுதி செய்யுங்கள்.

வில்லங்கச் சான்றிதழில் வரவே வராத சிலவும் உண்டு. நகரில் ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு அளவு விதித்த நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1978இல் வந்து 1999இல்தான் நீக்கப்பட்டது. தங்கள் மனைப்பிரிவு பிறந்த 1983 அதன் நடுவில் விழுகிறது. மனைப்பிரிவு போட்டவரின் நிலத்தில் உபரி என்று அரசு எடுத்துக்கொண்ட பகுதி இருந்து, அவர் அதையும் சேர்த்து மனையாக விற்றிருந்தால், அது வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் தெரியவரும். மனைப்பிரிவின் அங்கீகார வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடமே பின்னாளில் மனை எண் பெற்றுக் கை மாறிய கதைகள் நம் புறநகரில் பழக்கமானவை. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்த பிறகும் 2018இல் பதிவாகியிருக்கிறதே, எனவே அங்கீகாரம் இருக்கத்தான் வேண்டும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஏற்கெனவே ஒரு முறை பதிவான மனையை மறுபடியும் விற்க, பிற்பாடு தளர்வு கொடுக்கப்பட்டது.

ஏரிக்கரைவாசி மறுமொழி:

பத்திரக்காரர் ஐயா பத்திரத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 2016 மே மாதத்தில் அந்த வீடு ஏன் விலைக்கு வந்தது என்பதை எந்தப் பத்திரமும் சொல்லாது. இருபத்தொன்பது ஆண்டுகளாக இங்கே குடியிருக்கும் என்னால் ஓரளவு சொல்ல முடியும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அதற்கு முன் நவம்பர் மாத மழையிலேயே ஏரி நிரம்பியிருந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு நீர் மூன்று நாள் நின்றது. என் மாமியாரை நாற்காலியோடு தூக்கிச் சென்று பக்கத்து மாடி வீட்டில் உட்கார வைத்தோம். அடுத்த சித்திரை முடிவதற்குள் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகள் விலைக்கு வந்தன. தாங்கள் சொல்லும் வீடும் அப்படி வந்ததாகவே இருக்கும். பயந்தவர் விற்றார், துணிந்தவர் வாங்கினார், ஒருவேளை அவருக்கும் 2017 மழையில் துணிச்சல் போயிருக்கலாம். அது என் ஊகம்தான்.

இங்கே நீரின் வழியைப் புரிந்துகொண்டால்தான் எந்தத் தெருவில் வாங்கலாம், எந்தத் தெருவில் கூடாது என்பது விளங்கும். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகவேண்டும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரவேண்டும். இடையில் ஓடும் கால்வாய்கள் பல இடங்களில் குறுகிவிட்டன. எனவே தங்கள் வீடு ஏரியிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறது என்பது மட்டும் போதாது. எந்தப் பக்கம் நான்கு தெரு என்பதே கேள்வி. கலங்கலுக்குக் கீழே, உபரி நீர் போகும் திசையில் என்றால் பத்துத் தெரு தள்ளியிருந்தாலும் யோசிக்க வேண்டும். மேட்டுப்பக்கம் என்றால் இரண்டே தெரு தள்ளியிருந்தாலும் நிம்மதியாக உறங்கலாம்.

வீட்டுத் தரகர் இதைச் சொல்லமாட்டார். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடமும் பால் போடுபவரிடமும் கேளுங்கள். எந்த வீட்டு வாசலில் எந்த ஆண்டு எத்தனை படி முழுகியது என்று அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

குறையை மட்டுமே சொன்னால் எங்கள் ஊருக்கு நான் துரோகம் செய்தவள் ஆவேன். ஏரியைத் தூர்வாரிக் கரையில் நடைபாதை போட்ட பிறகு, விடியற்காலையில் அங்கே நடப்பதற்காகவே குரோம்பேட்டையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இது எளிதில் கிடைத்ததன்று. குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகள் மனுவும் கையுமாக அலைந்து கேட்டது. சித்திரை வெயிலிலும் எங்கள் கிணற்றில் நீர் வற்றுவதில்லை என்றால் அதற்கு அந்த ஏரிதான் காரணம். நங்கநல்லூரில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது எங்கள் பேரூராட்சியும் அதில் சேர்ந்துவிட்டது. வரி கூடியது, குப்பை வண்டியும் ஒழுங்காக வரத் தொடங்கியது. தங்கள் தந்தையார் மின்சார ரயிலில் போய் வருபவர் என்றால், குரோம்பேட்டை, சானடோரியம் ஆகிய இரண்டு நிலையங்களில் எது கிட்ட என்பதையும் அவரையே நடக்கவிட்டுப் பாருங்கள்.

வாஸ்து பார்ப்பவரை ஐப்பசியில் அழைத்து வாருங்கள். வாசலில் தண்ணீர் நின்றால் அவரே சொல்லிவிடுவார்.

செங்கல் சூளை மறுமொழி:

கட்டடப் பொறியாளன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1986இல் கட்டிய வீட்டின் தரைமட்டம் அன்றைய சாலையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்திருக்கும். அதன் பிறகு பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போட்டதில், இன்று பல தெருக்களில் வீட்டுக்கு இறங்கிப் போகவேண்டியதாகிவிட்டது. அடுத்த முறை போகும்போது வாசற்படிகளை எண்ணுங்கள். கேட்டுக்கு வெளியே ஏறும் படி இருக்கிறதா, உள்ளே இறங்கும் படி இருக்கிறதா என்று பாருங்கள். உள் சுவரில் தரையிலிருந்து மூன்றடி வரை மட்டும் புதிதாகப் பூசியிருந்தாலோ, ஓடு பதித்திருந்தாலோ, அந்த உயரத்துக்கு ஒரு காலத்தில் நீர் ஏறியிருக்கலாம் என்று ஐயப்படுங்கள். மின் பிளக்குகளும் மீட்டர் பெட்டியும் வழக்கத்துக்கு மீறிய உயரத்தில் இருந்தால் ஐயமே வேண்டாம். சுண்ணாம்பு அடித்து மறைத்த சுவரிலும் ஓராண்டுக்குள் உப்புப் பூத்துவிடும். பீரோவை நகர்த்திப் பின்னால் பாருங்கள்.

ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது சென்னையில் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஆனால் அடித்தளத்தில் கான்கிரீட் பெல்ட் இல்லாத, வெறும் செங்கல் சுவர்மேல் நிற்கும் நாற்பது ஆண்டு வீட்டைத் தூக்கச் செலவிடுவதைக் காட்டிலும் இடித்துக் கட்டுவதே மேல் என்பேன். 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையவழியாகவே அனுமதி பெறலாம். ஒரு கிரவுண்டு அதற்குள் அடங்கும். எனவே ஒரு கோடியே எண்பது லட்சம் என்பது மனைக்கான விலை, வீட்டுக்கன்று என்ற எண்ணத்தோடு பேரம் பேசுங்கள்.

பழைய பத்திரக்காரர் மறுமொழி:

பொறியாளர் தம்பி சொல்வது கணக்குக்குச் சரி. எனினும், கேட்பவர் தந்தைக்காக வீடு தேடுகிறார். மாடிப்படி ஏற முடியாத பெரியவரை ஓராண்டு வேறிடத்தில் வைத்துவிட்டு இடித்துக் கட்டுவதற்குப் பதிலாக, மேட்டுத் தெருவில் கொஞ்சம் சிறிய வீட்டைப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. அசல் பத்திரங்கள் அனைத்தும், 1983 தாய்ப்பத்திரம் உட்பட, விற்பவர் கையில் இருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள். நகல் காட்டி, அசல் ஊரில் இருக்கிறது என்றால், அசல் ஏதேனும் ஒரு வங்கியில் இருக்கலாம். பத்திரங்களை ஒப்படைத்துப் பெறும் கடன் எல்லாக் காலத்திலும் சார்பதிவகத்தில் பதிவானதில்லை. செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் 2011 முதலான வங்கி அடமானங்களைக் கட்டணம் செலுத்தி யாரும் தேடிப் பார்க்கலாம்.

வாடகைக் குடித்தனக்காரன் மறுமொழி:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்களாக அலைந்ததில் தெரியவந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதே தெருக்களில் வீடு தேடுபவர்களுக்கு உதவலாம்.

பழைய சர்வே எண்ணைக் கொடுத்துத் தேடியதில், 1998 தேதியிட்ட அடமான ரசீதுப் பதிவு கிடைத்துவிட்டது. மகனுக்கு எழுதி வைப்பதற்கு முந்தைய ஆண்டே அந்த மனிதர் கடனைத் தீர்த்து, சங்கத்திடம் ரசீது வாங்கி, முறையாகப் பதிவும் செய்திருக்கிறார். பட்டா உட்பிரிவு எண்ணில் அது ஏன் வரவில்லை என்பது பத்திரக்காரர் ஐயா சொன்னபடியே. அசல்கள் ஐந்தும் விற்பவரிடம் இருக்கின்றன. தாய்ப்பத்திரத்தின் ஓரம் மட்டும் நீர்பட்டுப் பழுப்பேறியிருந்தது. அதைப் பார்த்த கணமே ஏரிக்கரைவாசி அம்மா நினைவுக்கு வந்தார். இந்தப் பத்திரம் 2015இல் அந்த வீட்டில்தானே இருந்திருக்கும்!

இஸ்திரி வண்டிக்காரரிடம் பேசினேன். 2015இல் சன்னல் அடிவரை, 2021இல் வாசல் வரை, வேறெப்போதும் இல்லை என்றார். வீடு கலங்கலின் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. கேட்டிலிருந்து உள்ளே ஒரு படி இறங்க வேண்டும். முன்பு போனபோது நானே இறங்கியும் அது என் கண்ணில் படவில்லை. கூடத்துச் சுவரில் மூன்றரை அடிக்கு அழகாக ஓடு பதித்திருக்கிறார்கள்.

விற்பவர் 70 லட்சத்தை ரொக்கமாகக் கேட்டார். மறுத்ததும் முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுத ஒப்புக்கொண்டு, வரிச்சுமையைக் காட்டி விலையைப் பத்து லட்சம் ஏற்றினார். நான் பொறியாளர் சொன்ன மனைக்கணக்கைக் காட்டி ஒரு கோடியே 55 லட்சம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. உச்சவரம்புச் சட்டம் தொடர்பாக வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவும் நிலுவையில் இருக்கிறது.

அப்பாவிடம் நீர் ஏறிய கதையைச் சொன்னேன். மாமரத்துக்கு எத்தனை வயதிருக்கும் என்று கேட்டார். இதற்கிடையே ஏரிக்கு மேட்டுப்பக்கம் அரை கிரவுண்டில் ஒரு வீடு இருப்பதாக அதே இஸ்திரி வண்டிக்காரர் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழை பிடித்த பிறகு இரண்டு தெருக்களையும் போய்ப் பார்க்கும்வரை யாருக்கும் முன்பணம் கொடுப்பதாக இல்லை.